மூக்கில் இருபது குண்டுகள்

எங்கள் வீட்டில் எழுத்துப் படிப்பதற்கு முன்பே சின்னம் படிக்கக் கற்றுக்கொண்டுவிடுவோம். சட்டைக் காலருக்கு உள்ளே ஒரு துண்டு நாடா தைத்திருக்குமே, அதில் வரிசையாக அச்சடித்திருக்கும் சின்னங்களைச் சொல்கிறேன். தொட்டிப் படம் என்றால் தண்ணீரில் துவைக்கலாம். தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும்தான். இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, மூன்று புள்ளி இருந்தால் நல்ல சூடு. அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். கடைக்கு மேலே இரண்டு அறைகளில் குடியிருக்கிறோம். அண்ணன் அதே கடையின் துணி மூட்டைகளை வேனில் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறான். நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. வந்து விழும் துணிகளைச் சின்னம் பார்த்துப் பிரித்துப் போடுவேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். மூன்றாவது வரிசையில் முழு ஆளாக உட்கார்ந்திருப்பேன், பதிவேட்டில் இருக்க மாட்டேன். வருடக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் பாதி நாள் வரவே இல்லை என்று இருந்தது. அதை மறுத்துச் சொல்லவும் வாய் வரவில்லை. அண்ணன் என்னைக் கோட்டான் என்று கூப்பிடுவான். ஊமைக்கோட்டானில் பாதியைக் குறைத்துக் கூப்பிடுவதே அவன் எனக்குச் செய்யும் சலுகையாம்.

இப்படிப்பட்ட என்னைச் சித்தப்பா தன் வாடகைக் கார் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குக் கேட்டார்.

“உட்கார்ந்த இடத்துல வேலைடி. போன் அடிச்சா எடுக்கணும், எங்க வரணும், எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டு எழுதணும். இதுல என்ன மலையைப் புரட்டப் போற?” என்றாள் அம்மா.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் தெரியாத ஒரு ஆட்டல்.

“சரின்னு சொல்லிட்டேன். வர்ற திங்கள் விட்டு அதுக்கு அடுத்த திங்கள்கிழமை போற.”

அன்றிலிருந்து கீழே கடையில் தொலைபேசி அடித்தால்கூட நான் துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அண்ணனோடு வேனில் போனேன். இரண்டு தெரு தள்ளி ஒரு கடை இருக்கிறது. பெட்டிக்குள் துண்டு துண்டாக விமானம், கப்பல், கார் எல்லாம் விற்பார்கள். நாம் வாங்கி வந்து ஒட்டி வண்ணம் அடிக்க வேண்டும். அண்ணன் என் இரண்டு பிறந்தநாளுக்கு அங்கிருந்துதான் சின்னச் சின்ன விமானங்கள் வாங்கித் தந்திருந்தான். இரண்டும் மூக்கில் விசிறி சுற்றும் பழைய காலத்து விமானங்கள். இரண்டையும் செய்து அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.

கடைக்காரம்மா ஏணி மேல் நின்று பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் துவைத்த திரைச்சீலைகளை இறக்கி வைத்துவிட்டுக் கையெழுத்துக்காகக் காத்திருந்தான். நான் தெருப் பக்கக் கண்ணாடிக்குள் இருந்த ஜெட் விமானத்தைப் பார்த்தேன். வெயில் பட்டு ஒரு பக்கம் வெளுத்துப்போயிருந்தது.

“என்ன அப்படிப் பார்க்கிற?” என்று ஏணி மேலிருந்து கேட்டார்.

“அவ பேசமாட்டாம்மா. பார்ப்பா” என்றான் அண்ணன். “நீங்க வித்த ரெண்டு விமானத்தையும் செஞ்சு வச்சிருக்கா.”

“பேசறவங்க நிறைய பேர் வர்றாங்க. பார்க்கறவங்கதான் கம்மி.” ஏணியிலிருந்து இறங்கி வந்தார். “அதுல என்ன தப்பு, சொல்லு. சொல்ல வேண்டாம், காட்டு.”

நான் காட்டினேன். வால் பக்கத்துச் சின்ன இறக்கைகளில் ஒன்று உயர்ந்திருந்தது. முதுகில் இரண்டு பாதியும் ஒட்டிய கோடு தெரிந்தது. இடது பக்க எண் ஒரு நூல் அளவு சரிந்திருந்தது. கடைசியாக வாலுக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்த ஒரு மெல்லிய கண்ணாடிக் குச்சியைக் காட்டினேன். அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. விமானத்தில் அப்படி ஒன்று இருக்காது என்று மட்டும் தெரிந்தது.

கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். உள்ளே போய் மூலை நசுங்கிய ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மேலே சாம்பல் நிறப் போர் விமானம் ஒன்று மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகும் படம்.

“பின்னறையில ஒரு மேசை இருக்கு. கண்ணாடியில வைக்க மாதிரி விமானங்க செய்யறதுக்கு ஒரு ஆள் வேணும். இதை அடுத்த சனிக்கிழமை மதியத்துக்குள்ள செஞ்சு கொண்டு வா. நல்லா இருந்தா கண்ணாடியில இது, மேசையில நீ. முட்டுக் குச்சி மட்டும் கூடாது. இதைச் செஞ்சவனுக்கும் சொன்னேன், கேட்கல.”

பெட்டியோடு ஒரு சின்னப் புட்டி வெள்ளைப் பசையும் தந்தார். “கண்ணாடி மூடிக்கு இது மட்டும்தான். வேற எதையும் அது கிட்ட கொண்டு போகாதே.”

பின்னறையை எட்டிப் பார்த்தேன். நீள மேசை, வளையும் விளக்கு, டப்பா டப்பாவாக வண்ணம். எங்கோ பெட்டிகளுக்கு அடியில் ஒரு தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. “கிடக்கட்டும், சும்மா அடிப்பாங்க” என்றார் கடைக்காரம்மா. நான் அந்த மேசையைத்தான் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. அதில் உட்கார்ந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

எப்படியும் செய்து முடித்துவிடுவது என்று வேனில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் விஷயத்தை அண்ணன்தான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஓரம் இருந்த சாப்பாட்டு மேசையில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டேன். பாகங்கள் எல்லாம் ஏணி மாதிரி பிளாஸ்டிக் சட்டங்களில் தொங்கிக்கொண்டிருந்தன. முறுக்கிப் பிடுங்கினால் காயம் விழும். வெட்டி எடுத்து, ஒட்டியிருந்த நுனியை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். நூற்று நாற்பத்திரண்டு பாகங்கள். செய்முறைத் தாளில் இருந்த எழுத்து நான் பார்த்தே இராத எழுத்து. வட்டமும் கட்டமுமாக இருந்தது. கவலைப்படவில்லை. படங்கள் இருந்தன, சின்னங்கள் இருந்தன. சின்னம் படிப்பதில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

விமானி உட்காரும் நாற்காலிக்குக் கறுப்பு அடித்தேன். விமானியின் முன்னால் இருக்கும் பலகையில் பல்குச்சி நுனியால் இருபத்தாறு வெள்ளைப் புள்ளிகள் வைத்தேன். நான்காவது படத்தில் உடலின் இரண்டு பாதிகளையும் சேர்க்க வேண்டும். அந்தப் படத்தின் ஓரத்தில், மூக்கைக் காட்டும் ஒரு அம்புக்குறிக்குப் பக்கத்தில், ஒரு சின்னம் இருந்தது. அடி தட்டையாக, மேலே குறுகலாக, உச்சியில் கைப்பிடி. அதன் கீழே பதினைந்து என்ற எண், பக்கத்தில் அந்தப் புரியாத எழுத்து ஒன்று.

இஸ்திரிப் பெட்டி. புள்ளி இல்லை, அதனால் சூடு கூடாது. பதினைந்து என்றால் பதினைந்து நிமிடம்.

இரண்டு பாதிகளையும் ஒட்டினேன். துணி உலர்த்தும் கிளிப்புகளை வரிசையாகக் கவ்வவிட்டேன். கீழிருந்து நீராவிக் குழாய் வரும் சுவரை விட்டுத் தள்ளி, ஜன்னல் விளிம்பில், கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் வைத்தேன். இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறோமே என்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

அடுத்த நாட்கள் எல்லாம் தேய்ப்பதிலும் பூசுவதிலும் போயின. ஒட்டிய கோட்டில் பட்டி பூசி, காய்ந்ததும் நனைந்த உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி பூசினேன். கண்ணுக்குத் தெரியாத கோடு விரலுக்குத் தெரியும். வயிற்றுக்கு வெளிர் சாம்பல், முதுகுக்கு அடர் சாம்பல். வண்ணத்தைத் தண்ணீர் மாதிரி நீர்க்க வைத்து அடித்தேன். முதல் பூச்சு பார்க்க அழுகை வரும்; திட்டுத் திட்டாக இருக்கும். அதைத் திருத்தப் போகக் கூடாது, காயவிட வேண்டும். நான்காவது பூச்சில் எல்லாம் சேர்ந்துகொண்டது. பின்னால் தீ கக்கும் குழாய்க்கு வெள்ளி நிறம் அடித்து, அதன் மேல் பழுப்பும் நீலமும் தொட்டுத் துடைத்தேன்.

அம்மா வேலை முடிந்து மேலே வந்தவள் குனிந்து பார்த்தாள். “அடி தீஞ்ச இஸ்திரிப் பெட்டி மாதிரியே இருக்கு” என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. அடுத்த நொடியே, “திங்கள்கிழமைக்கு அந்த நீலச் சட்டையை எடுத்து வை” என்றாள்.

விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியைப் புதன்கிழமை வெள்ளைப் பசையால் ஒட்டினேன். எண்களையும் வட்டங்களையும் தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து வழுக்கி இறக்கினேன். இரண்டு பக்கமும் 317. இடது பக்கம் சரியவில்லை. மூன்று முறை அளந்தேன்.

வியாழக்கிழமை மதியம் சக்கரங்கள். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. பசை போடுவதற்கு முன் செருகிப் பார்க்கலாம் என்று மூன்றையும் செருகி, மேசையில் நிற்க வைத்துக் கையை எடுத்தேன்.

விமானம் உட்கார்ந்துவிட்டது.

மூக்கு மேலே, வால் கீழே. மறுபடி மூக்கை அழுத்தி வைத்தேன். விரலை எடுத்ததும் மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல், பின்னால் சாய்ந்து உட்கார்ந்தது.

அண்ணன் சாப்பிட வந்தவன் அதைப் பார்த்துவிட்டான். “என்ன கோட்டான், பறக்கச் சொன்னா குந்திக்கிட்டு இருக்கு? கால் வலியா?”

நான் செய்முறைத் தாளை எடுத்தேன். அலமாரி மேல் இருந்த என் பழைய விமானங்களைப் பார்த்தேன். அவற்றுக்கு வால் அடியில்தான் சக்கரம். உட்கார்ந்திருப்பதே அவற்றின் நிலை. இதற்கு மூக்கடியில் சக்கரம். மூக்கு கனமாக இருந்தால்தான் நிற்கும். நான்காவது படத்துக்கு வந்தேன். அம்புக்குறி, மூக்கு, சின்னம்.

அது இஸ்திரிப் பெட்டி இல்லை. தராசில் வைக்கும் எடைக்கல். பதினைந்து என்பது நிமிடம் இல்லை, கிராம்.

அண்ணன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். நான் விரல் வைத்த இடத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து சிரித்தான். “அம்மா, உன் பொண்ணு விமானத்துக்கு இஸ்திரி போட்டிருக்கா” என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தான்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இஸ்திரிப் பெட்டி மாதிரிதான்டா இருக்கு” என்றாள் அண்ணனிடம். “நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். எதுக்கு இளிக்கிற?” பிறகு என் பக்கம் திரும்பினாள். “இப்ப என்ன பண்ணுவ?”

“பேனா ரீஃபில்ல ஒரு துண்டு வெட்டி வால் கீழ ஒட்டிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?” என்றான் அண்ணன்.

“கூடாது” என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்க நான் சத்தமாகச் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். “இதோ பாருடி. சித்தப்பாகிட்ட சொன்ன வாக்கை நான் சும்மா திருப்பி வாங்க முடியாது. சனிக்கிழமை மதியம் வரைக்கும் பார்க்கறேன். இது நின்னா, உன் விஷயத்துல நான் மூக்கை நுழைக்கல. உட்கார்ந்தா, நீ போன் கிட்ட உட்காரு.”

அது நியாயமாகத்தான் பட்டது.

பதினைந்து கிராமை நிறுக்க எங்களிடம் சின்னத் தராசு இல்லை; எவ்வளவு எடை வேண்டும் என்று விமானத்தை வைத்தே பார்க்க வேண்டும். கீழே கடையில் ஒரு தகர டப்பா உண்டு. கனமான திரைச்சீலைகள் காற்றில் பறக்காமல் இருக்க, அடி மடிப்புக்குள் சின்ன ஈயக்குண்டுகள் போட்டுத் தைத்திருப்பார்கள். துவைக்கும்போது கழன்று விழும் குண்டுகளை அந்த டப்பாவில் போட்டு வைப்போம். யார் வீட்டுத் திரைச்சீலையுடையது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டு வந்ததும் இல்லை. மிளகை விடக் கொஞ்சம் பெரியவை. கை நிறைய அள்ளிக்கொண்டு மேலே ஓடினேன்.

சின்னப் பிளாஸ்டிக் பையில் குண்டுகளைப் போட்டு, நூலால் கட்டி, மேசை விளிம்பில் மூக்கு நீட்டி நின்ற விமானத்தின் நுனியில் தொங்கவிட்டேன். பத்து போட்டேன். அசையவில்லை. பதினைந்தில் வால் கொஞ்சம் யோசித்தது. பதினேழில் மேலே எழும்பி, முன்சக்கரம் டக்கென்று மேசையில் பட்டது. நூலை மூக்கு நுனியிலிருந்து ஒரு விரல் அளவு பின்னால் தள்ளினேன். மறுபடி உட்கார்ந்தது. குண்டுகள் மூக்கின் உள்ளே போகும்போது நுனி வரைக்கும் போகாது, பின்னால்தான் தங்கும். இருபது போட்டேன். நின்றது.

வெள்ளிக்கிழமை காலை வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்தேன். மூக்கு மூடிக்கிடந்தது. அதை அறுத்துத் திறந்தால் நான்கு பூச்சும் பட்டியும் போச்சு. விமானத்தைத் தலைகீழாகத் திருப்பி முன்சக்கரம் மடங்கும் பள்ளத்தைப் பார்த்தேன். பள்ளத்தின் முன்சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கின் வெற்றிடம். அங்கே ஒரு ஓட்டை போட்டால் சக்கரமும் கதவும் மறைத்துவிடும்.

அண்ணன் துளை போடும் ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தான். இயந்திரத்தில் மாட்டவில்லை, விரலிலேயே பிடித்துத் திருகினேன். பிளாஸ்டிக் சுருள் சுருளாக வந்தது. முதலில் மெல்லிய ஊசி, பிறகு தடித்தது, பிறகு உப்புத்தாளைச் சுருட்டி ஓட்டையை அகலப்படுத்தினேன். ஒன்றரை மணி நேரம். கட்டைவிரலில் தோல் உரிந்தது. மூக்கைக் கீழே பிடித்து, இடுக்கியால் ஒவ்வொரு குண்டாக உள்ளே விட்டேன். ஒவ்வொன்றும் டொக்கென்று விழுந்தது.

“மத்த போர் விமானத்துக்கெல்லாம் குண்டு இறக்கைக்குக் கீழ தொங்கும். உன்னுது மூக்குக்குள்ள வச்சிருக்கு” என்றான் அண்ணன். நான் எண்ணிக்கையை விட்டுவிடக் கூடாது என்று சிரிக்காமல் இருந்தேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

இனி அவை உருளாமல் ஒட்ட வேண்டும். வேகமாகக் காய வேண்டும். மேசை இழுப்பறையில் அண்ணன் செருப்பு ஒட்ட வைத்திருந்த சூப்பர் க்ளூ இருந்தது. கடைக்காரம்மா சொன்னது நினைவில் வந்தது. ஆனால் அது கண்ணாடி மூடியைப் பற்றித்தானே, இது மூக்குக்கு உள்ளே அல்லவா என்று எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன். ஓட்டை வழியாகத் தாராளமாக ஊற்றினேன். மூக்கு கீழே இருக்கும்படி ஒரு குவளைக்குள் நிறுத்திவிட்டுத் துணி பிரிக்கக் கீழே போனேன்.

மதியம் மேலே வந்து குவளையிலிருந்து எடுத்தேன். சக்கரங்களைச் செருகி வைத்தேன். நின்றது. வாலை ஒரு விரலால் அமுக்கிவிட்டால் துள்ளி எழுந்து மூன்று சக்கரத்திலும் நின்றது. அப்புறம்தான் கண்ணாடி மூடியைப் பார்த்தேன்.

குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி வெளுத்திருந்தது. துடைத்தேன், போகவில்லை. வெளுப்பு உள்பக்கம் இருந்தது. பசையின் புகை மூக்குக்குள்ளிருந்து விமானியின் அறைக்கு ஏறி, கண்ணாடியில் படிந்துவிட்டது. நான் வைத்த இருபத்தாறு புள்ளிகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே தொலைபேசி அடித்தது. யாரோ எடுத்தார்கள். அந்தச் சத்தம்தான் என்னை எழுப்பியது என்று சொல்ல வேண்டும். மூடியைக் கழற்ற வேண்டும். வெள்ளைப் பசை தண்ணீரில் இளகும் என்று புட்டியிலேயே தொட்டிப் படம் போட்டிருந்தது. ஈரப் பஞ்சை வைத்துப் பார்த்தேன். விளிம்பு இளகவில்லை. கத்தியை நுழைத்தால் கண்ணாடி விரிசல் விடும்.

கீழே போய் அம்மாவின் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். நான் அப்படி நின்றால் ஏதோ கேட்க வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். விமானத்தைக் காட்டினேன். மூடியைக் காட்டினேன்.

“பிளாஸ்டிக்கா?”

தலையாட்டினேன்.

“ஒட்டினது தண்ணில கரையற பசையா?”

தலையாட்டினேன்.

“அப்ப ஒரு புள்ளி” என்றாள்.

பெட்டியின் சூட்டைக் குறைத்தாள். ஒரு கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, நான்காக மடித்து, மேலே பெட்டியை ஒரு தடவை ஓட்டினாள். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடு என்று உதறினாள். மறுபடி கன்னத்தில் வைத்தாள். பிறகு விமானத்தின் மூடியைச் சுற்றி, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போடுவது மாதிரி, அந்தத் துணியைப் போட்டாள். ஆறினதும் அடுத்தது. அதற்குள் வாசலில் ஒரு ஆள் சட்டைக்காக நின்றுகொண்டிருந்தார். “கொஞ்சம் இருங்க, அவசர உருப்படி” என்றாள் அவரிடம். நான்காவது துணியில் மூடி என் விரலோடு வந்தது.

“நான் இதை உனக்காகச் செய்யல. வேலைன்னு வந்தா பாதியில விடக் கூடாது, அதுக்காக” என்றாள் அம்மா. பெட்டியின் சூட்டைத் திருப்பி ஏற்றினாள்.

தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, பற்பசை தொட்டு, மூடியின் உள்பக்கத்தைச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தேன். கழுவிப் பார்த்தேன், தேய்த்தேன், கழுவிப் பார்த்தேன். முதல் அரை மணி நேரம் ஒன்றும் மாறவில்லை. பிறகு நடுவில் ஒரு காசு அளவு தெளிந்தது. விளக்குப் போடும் நேரத்துக்கு முழுக்கத் தெளிந்துவிட்டது. பின்பக்க மூலையில் மட்டும் பஞ்சு எட்டாத ஒரு சின்ன வெளுப்பு நின்றுபோனது. நாற்காலியையும் பலகையையும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். புள்ளிகளை எண்ணினேன். ஒன்று போயிருந்தது. வைத்தேன். மூடியைத் திரும்ப ஒட்டி, சக்கரங்களை ஒட்டி, ஓட்டையைப் பட்டியால் அடைத்துச் சாம்பல் தொட்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணன் வேனில் துணி மூட்டைகளுக்கு நடுவே என்னையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டான். வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டியை ஏறக்குறைய நிறுத்தியே ஏற்றினான். பின்னால் வந்தவர்கள் ஒலி எழுப்பினார்கள். “உள்ள போர் விமானம் இருக்கு, கொஞ்சம் பொறுங்க” என்று ஜன்னல் வழியாகச் சொன்னான்.

கடைக்காரம்மா முன்மேசையைத் துடைத்து இடம் பண்ணினார். நான் விமானத்தை வைத்துக் கையை எடுத்தேன். நின்றது. மூக்கும் முழியுமாக நின்றது. அவர் குனிந்து முதுகில் விரலால் தடவினார். இரண்டு பக்கத்து எண்ணையும் பார்த்தார். வாலைச் சுண்டு விரலால் அழுத்தி விட்டுவிட்டார். முன்சக்கரம் டக்கென்று முன்மேசையில் பட்டது. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து, மூடியின் பின்மூலையில் நிறுத்தினார்.

“சூப்பர் க்ளூ.”

எனக்குக் காது மடல் சுட்டது.

“மூடியில போடல, உள்ள எங்கேயோ போட்டிருக்க. அப்ப மூக்கு எடையைக் கடைசியிலதான் போட்டிருக்க. ஏன், தாள்ல போட்டிருந்துச்சே. படம் பார்க்கலையா?”

அண்ணன் வாயைத் திறந்தான். கடைக்காரம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினார். “அவ செஞ்சது. அவ சொல்லட்டும்.”

மறுபடி வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. ஆனால் என் முன்னால் விமானம் நின்றுகொண்டிருந்தது. சொல்லாவிட்டால் படம் பார்க்காதவள் என்றல்லவா ஆகிவிடும். நான் பார்த்தேனே.

“பார்த்தேன்” என்றேன். “இஸ்திரிப் பெட்டின்னு நினைச்சேன்.”

“என்னது?”

“துணியில போட்டிருக்கும். புள்ளி இல்லாததால சூடு கூடாதுன்னு. பதினைஞ்சு நிமிஷம்னு. ஜன்னல்ல வச்சேன்.”

கடைக்காரம்மா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “முப்பது வருஷமா இந்தப் பெட்டியை விக்கறேன். எடை போட மறந்தவங்களைப் பார்த்திருக்கேன். இஸ்திரி போட்டவளை இப்பத்தான் பார்க்கறேன்.” எழுந்து தெருப் பக்கக் கண்ணாடியைத் திறந்தார். வெளுத்த விமானத்தைக் குச்சியோடு எடுத்துக் கீழே வைத்தார். என்னுடையதை அந்த இடத்தில் வைத்து, வெளுப்பு இருந்த மூலை சுவர்ப் பக்கம் போகும்படி கொஞ்சம் திருப்பினார். “அந்த மூலை நமக்குள்ள இருக்கட்டும். திங்கள்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடு.”

அண்ணன் என் முதுகில் ஒன்று வைத்தான். “அம்மாகிட்ட நான் சொல்றேன். சித்தப்பாகிட்ட அம்மா சொல்லட்டும். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், போதுமா?” மூட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

என் மேசையை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று பின்னறைக்குப் போனேன். வளையும் விளக்கைத் தாழ்த்தி உயர்த்தினேன். மேசையின் ஓரத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளுக்குப் பின்னால் தொலைபேசி அடித்தது.

“எடு” என்று முன்னாலிருந்து குரல் வந்தது. “பெட்டி வாங்கிட்டுப் போனவங்கதான் அடிப்பாங்க, சந்தேகம் கேட்க. நான் ஏணியில இருக்கேன். எனக்கு ஒட்டத் தெரியாது, விக்கத்தான் தெரியும். அந்த மேசையில இருக்கறவங்கதான் பதில் சொல்லணும்.”

இதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டிகளை விலக்கினேன். எடுத்துக் காதில் வைத்தேன்.

“கடைங்களா?” ஒரு ஆண் குரல், நடு வயது, கொஞ்சம் கூச்சம். “ஒரு ஜெட் வாங்கிட்டுப் போனேன். எல்லாம் முடிச்சிட்டேன். பின்னாடி சாஞ்சு உட்கார்ந்துக்குது. என்ன பண்றதுன்னு தெரியல. இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றேன்.

“உள்ள எதையாவது போட்டு சூப்பர் க்ளூ ஊத்தலாம்னு பார்க்கறேன்.”

“ஊத்தாதீங்க” என்றேன். “புட்டியை மூடி தூர வைங்க. முதல்ல கண்ணாடி மூடியைக் கழட்டுங்க. எதால ஒட்டினீங்க?”

அவர் சொன்னார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.